582-க்கு மூணு பிளேடு கார்பன் ப்ரொப் போடலாமா?

சூரமங்கலத்துலேருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. கடிதம் கொஞ்சம் நீளம்ங்கறதால சாரத்தை மட்டும் போடுறேன். (புதுசா படிக்கறவங்களுக்கு: மைக்ரோலைட்னா ஒண்ணு ரெண்டு பேர் போற ரொம்ப லேசான விமானம், ப்ரொப்னா ப்ரொப்பெல்லர், பிட்ச்னா அது ஒரு சுத்துல காத்துல கணக்குப்படி எவ்வளவு முன்னேறும்ங்கறது, ரேஷியோ 2.58-ன்னா எஞ்சின் 2.58 சுத்து சுத்தினா ப்ரொப் ஒரு சுத்து.)

"அண்ணா, நானும் ரெண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு பழைய ரெண்டு சீட் மைக்ரோலைட் வாங்கியிருக்கோம். ரோட்டாக்ஸ் 582 எஞ்சின், பி டைப் கியர்பாக்ஸ், ரேஷியோ 2.58. இப்ப இருக்கறது 64 இன்ச் டயாமீட்டர், 32 இன்ச் பிட்ச், ரெண்டு பிளேடு மர ப்ரொப்பெல்லர். போன மாசம் டாக்ஸி பண்றப்ப ஜல்லி அடிச்சு ஒரு பிளேடு நுனிக்கு பக்கத்துல சில்லு போயிடுச்சு. பெங்களூர்ல ஒருத்தர்கிட்ட 68 இன்ச் மூணு பிளேடு கார்பன் ப்ரொப் சும்மா கிடக்குது, பாதி விலைக்கு தர்றேங்கறாரு. மாட்டி தரையில ஓட்டிப் பாத்தோம், ஃபுல் த்ராட்டில்ல 5600 ஆர்பிஎம் வந்துச்சு, இழுவை பயங்கரமா இருந்துச்சு, அதிர்வே இல்ல. ஐடில்ல மட்டும் கியர்பாக்ஸ்ல கடகடன்னு சத்தம். இதையே வாங்கிடலாமா? இல்லன்னா இங்க செவ்வாப்பேட்டையில ஒரு ஆசாரி பழைய ப்ரொப்பை அச்சா வச்சு ஏற்காடு சில்வர் ஓக்குல அப்படியே செஞ்சு தர்றேங்கறாரு, அது சரி வருமா? எங்க ஆசை என்னன்னா ஒரு தடவையாவது சேர்வராயன் மலைக்கு மேல ஒரு ரவுண்டு போகணும், அதுக்கு எந்த ப்ரொப் நல்லது? புது ப்ரொப் வர்ற வரைக்கும் சில்லு போனதை பேஸ்ட் வச்சு அடைச்சு ஓட்டலாமா?"

தம்பி, முதல்ல அந்த கடகட சத்தத்தை பத்தி பேசிடலாம், ஏன்னா மத்த கேள்வி எல்லாத்துக்கும் பாதி பதில் அதுலயே இருக்குது, நீங்க அதை "மட்டும்"னு போட்டு ஒரு வரியில தாண்டிட்டீங்க.

582 ரெண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். ஐடில்ல அது சீரா சுத்தாது, ஒவ்வொரு அடிக்கும் கிராங்க் (பிஸ்டன் சுத்த வைக்கற தண்டு) முன்னாடி குதிச்சு உடனே தளரும். கிராங்க் குதிக்கறப்ப ப்ரொப்பும் கூடவே குதிச்சா பிரச்சினை இல்ல. ஆனா கனமான ப்ரொப், அதுவும் கனம் நுனி வரைக்கும் பரவி இருக்கற ப்ரொப், குதிக்க மாட்டேங்குது, அது பாட்டுக்கு சீரா சுத்திட்டே இருக்கும். கிராங்க் ஒரு வேகம், ப்ரொப் ஒரு வேகம், நடுவுல மாட்டிக்கறது கியர்பாக்ஸ். பி டைப்புக்குள்ள அந்த அதிர்ச்சியை தாங்கறதுக்கு டாக் கியரும் (முனையும் பள்ளமுமா ஒண்ணுல ஒண்ணு மாட்டிக்கற துண்டு) அதை அழுத்திட்டிருக்கற டிஸ்க் ஸ்பிரிங்கும் இருக்குது, நீங்க கேட்ட கடகடங்கறது அந்த டாக் ஏறி ஏறி விழற சத்தம். இப்படியே ஓட்டினா டாக் முனை மழுங்கும், ஸ்பிரிங் தளரும், பல்லு தேயும், கடைசியில கிராங்கோட பிடிஓ பக்கத்து, அதாவது கியர்பாக்ஸ் மாட்டற பக்கத்து, பேரிங்கே போகும்.

இதுக்கு ரோட்டாக்ஸ் ஒரு எல்லை வச்சிருக்கு. பி கியர்பாக்ஸ்னா ப்ரொப்போட இனர்ஷியா (சுத்தற வேகத்தை மாத்த விடாம அது எவ்வளவு முரண்டு பிடிக்கும்ங்கற அளவு, எடை மையத்தை விட்டு தள்ளிப் போகப்போக ஏறும்) 3000 கிலோ-சதுர சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும், சி, இ டைப்னா 6000 வரைக்கும் போகலாம். ப்ரொப் வாங்கறவங்க டயாமீட்டர் கேப்பாங்க, பிட்ச் கேப்பாங்க, விலை கேப்பாங்க, இந்த நம்பரை மட்டும் யாரும் கேக்கறதில்ல.

நீங்க கடிதத்துல பிளேடு ஒவ்வொண்ணும் 900 கிராம், ஹப்போட சேத்து 4.1 கிலோன்னு எழுதியிருக்கீங்க, எடை போட்டுப் பாத்ததுக்கு ஒரு சபாஷ், பாதி பேர் அதுகூட செய்ய மாட்டாங்க. பிளேடு நுனிக்கு போகப்போக மெலியுதுன்னு ரொம்ப இரக்கம் பாத்தே கணக்கு போடுறேன்: 0.9 கிலோவை 86 சென்டிமீட்டரோட (68 இன்ச்சுல பாதி) வர்க்கத்தால பெருக்கி அஞ்சால வகுத்தா ஒரு பிளேடுக்கு 1330 கிட்ட வருது. மூணு பிளேடுக்கு 4000. ஹப்பை இன்னும் சேக்கவே இல்ல. எல்லை 3000.

என் கணக்கை நம்ப வேண்டாம், நீங்களே அளந்துடலாம், அரை மணி நேர வேலை. ப்ரொப்பை படுக்கை வாட்டத்துல மூணு கயித்துல தொங்க விடுங்க, ஒவ்வொரு பிளேடுலயும் மையத்துலேருந்து சரியா 20 சென்டிமீட்டர்ல ஒரு கயிறு, மூணு கயிறும் 2 மீட்டர் நீளம், மேல கட்டற இடத்துலயும் மையத்துலேருந்து அதே 20 சென்டிமீட்டர், கயிறு மூணும் செங்குத்தா இருக்கணும். நீளாத கயிறா இருக்கட்டும், நைலான் வேண்டாம். இப்ப ப்ரொப்பை லேசா திருகி விட்டீங்கன்னா முன்னயும் பின்னயும் திரும்பித் திரும்பி ஆடும். போய் திரும்பி வர்றது ஒரு ஆட்டம். 20 ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம்னு போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சு பாருங்க. உங்க 4.1 கிலோ எடைக்கு 20 ஆட்டம் 77 செகண்டுக்கு மேல போச்சுன்னா 3000 தாண்டிடுச்சுன்னு அர்த்தம். எனக்கு தெரிஞ்சு உங்களுது 88, 90 கிட்ட போகும். (ஃபார்முலா வேணும்கறவங்களுக்கு: எடை கிலோவுல, அதை 981-ஆல பெருக்கி, கயிறு இருக்கற தூரம் 20-ஓட வர்க்கத்தால பெருக்கி, ஒரு ஆட்டத்தோட செகண்டை வர்க்கம் பண்ணி பெருக்கி, 39.5-ஆலயும் கயிறோட நீளம் 200-ஆலயும் வகுக்கணும், அவ்வளவுதான்.)

அடுத்தது அந்த 5600. தரையில நிக்கறப்ப ஃபுல் த்ராட்டில்ல 5600தான் வருதுன்னா எஞ்சினுக்கு சுமை அதிகம். 582-ஓட 65 குதிரை சக்தி 6500 ஆர்பிஎம்லதான் கிடைக்கும், மேல் எல்லை 6800. டூ ஸ்ட்ரோக் எஞ்சின், ட்யூன் பண்ணின எக்ஸாஸ்ட், 6000-க்கு கீழ பவர் சட்டுனு விழுந்துடும். 5600-ல நீங்க 65 குதிரைக்கு காசு கொடுத்துட்டு அதுல ஒரு பங்கை ஷெட்டுலயே விட்டுட்டு போறீங்க. இழுவை பயங்கரமா இருந்துச்சுங்கறீங்க, இருக்கலாம், பெரிய டயாமீட்டர்னா நின்ன இடத்துல இழுவை நல்லாத்தான் தெரியும், ஆனா கையில உணர்ந்ததை கணக்குல எடுத்துக்காதீங்க, ஒரு ஸ்பிரிங் தராசை வாலுக்கும் மரத்துக்கும் நடுவுல மாட்டி ரெண்டு ப்ரொப்புக்கும் அளந்து பாத்துட்டு பேசலாம்.

"பிட்ச்சை குறைச்சா ஆர்பிஎம் ஏறிடுமே, அது கிரவுண்ட் அட்ஜஸ்டபிள்தானே, தரையில நிறுத்தி பிளேடை திருப்பிக்கலாமே"ன்னு நீங்க கேப்பீங்க. ஏறும். ஒரு டிகிரி குறைச்சா எஞ்சின் ஆர்பிஎம் 200-லேருந்து 300 வரைக்கும் ஏறும், ரெண்டு டிகிரி படுக்க வச்சா 6100 வந்துடும். ஆனா பிளேடை எவ்வளவு திருப்பினாலும் எடை அதே எடை, நீளம் அதே நீளம், இனர்ஷியா ஒரு பைசா குறையாது. பிட்ச் சரி பண்ற விஷயம், இனர்ஷியா சரி பண்ண முடியாத விஷயம். அதனால வரிசையை மாத்திக்கோங்க: முதல்ல கியர்பாக்ஸ் எதை தாங்கும், அப்புறம் ரேஷியோவும் டயாமீட்டரும், கடைசியாத்தான் பிட்ச். நம்ம ஆளுங்க தலைகீழா போறாங்க, கைக்கு கிடைச்ச ப்ரொப்பை வச்சுட்டு பிட்ச்லயே எல்லாத்தையும் சமாளிச்சுடலாம்னு பாக்கறாங்க.

டயாமீட்டர் ஏன் இவ்வளவு முக்கியம்னா, ஒரே வடிவத்துல ப்ரொப்பை பெருசாக்கினா அதே ஆர்பிஎம்ல அது கேக்கற பவர் டயாமீட்டரோட அஞ்சாம் அடுக்குல ஏறும். 64-லேருந்து 68-க்கு போறது பாக்க வெறும் 4 இன்ச், ஆறு சதவீதம் சொச்சம்தான், ஆனா எஞ்சின்கிட்ட கேக்கற பவர் 35 சதவீதம் கூட, இதுல மூணாவது பிளேடை இன்னும் சேக்கல. சரி, அதே பவரை வச்சுக்கிட்டு டயாமீட்டரை மட்டும் கூட்டினா நின்ன இடத்து இழுவை எவ்வளவு கூடும்னு பாத்தா, கச்சிதமான ப்ரொப்புன்னு வச்சுக்கிட்டாலும் நாலு சதவீதம்தான். அந்த நாலுக்காக கியர்பாக்ஸை பலி கொடுக்கணுமா?

அதுக்காக பெரிய ப்ரொப் தப்புன்னு எடுத்துக்காதீங்க. நம்ம மாதிரி 90 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டிக்கு பெரிய டயாமீட்டர், மெதுவான சுத்துதான் எப்பவும் நல்லது. ரைட் சகோதரர்கள் 1903-ல 12 குதிரை எஞ்சினை வச்சே பறந்தாங்கன்னா அதுக்கு ஒரு காரணம் சைக்கிள் செயின் மாதிரி செயின் போட்டு எட்டரை அடி டயாமீட்டர் ப்ரொப் ரெண்டை மெதுவா சுத்தினதுதான். உங்க எஞ்சின்லயும் சி டைப் கியர்பாக்ஸ், 3 இல்லன்னா 3.47 ரேஷியோ இருந்திருந்தா அந்த 68 இன்ச் மூணு பிளேடை நானே வாங்க சொல்லியிருப்பேன், கியர்பாக்ஸை மாத்தறதும் ஒரு வழிதான், ஆனா அது ப்ரொப்பை விட செலவு, எடையும் ஏறும், பேப்பர் வேலையும் தனி.

பேப்பர்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு, ஒரு வார்த்தை. உங்க வண்டி விடி நம்பர் (இந்திய விமானப் பதிவு எண்) போட்ட வண்டி, விமானத் துறையை கண்காணிக்கற டிஜிசிஏ அனுமதியில பறக்கற வண்டி. அதுல எந்த எஞ்சின், எந்த ப்ரொப்னு பதிஞ்சிருக்கோ அதை விட்டு வேற மாடல் மாட்டினா அது நீங்களா முடிவு பண்ற விஷயம் இல்ல. தயாரிப்பாளர் அந்த எஞ்சினுக்கு எந்தெந்த ப்ரொப் ஒத்துக்கறாங்கன்னு ஒரு லிஸ்ட் இருக்கும், முதல்ல அதை எழுதிக் கேளுங்க. அந்த லிஸ்ட்டுல இருந்தே ஒண்ணை எடுத்தா உங்க தலைவலி பாதி போச்சு, விபத்துன்னு ஒண்ணு வந்தா இன்சூரன்ஸ்காரன் கேக்கற முதல் கேள்வியும் இதுதான்.

இப்ப ஆசாரி விஷயம். செவ்வாப்பேட்டை ஆளுங்க கை வேலையை நான் குறை சொல்லவே மாட்டேன், ஒரு கதவு நிலையில அவங்க பூ வெட்டறதை பாத்துட்டு நின்னா நேரம் போறதே தெரியாது. ஆனா ப்ரொப் அச்சு எடுத்து செய்ற சாமான் இல்ல. உங்க 32 இன்ச் பிட்ச் ப்ரொப்புல மையத்துலேருந்து 12 இன்ச்சுல பிளேடோட கோணம் 23 டிகிரி, 24 இன்ச்சுல 12 டிகிரி, 30 இன்ச்சுல ஒம்பதரை. ஒவ்வொரு இடத்துலயும் முறுக்கு மாறிக்கிட்டே போகுது, ரெண்டு பிளேடுலயும் அது ஒண்ணா இருக்கணும். ஒரு பக்கம் ஒரு டிகிரி கூடினா அந்த பிளேடு அதிகமா இழுக்கும், பேலன்ஸ் ஸ்டாண்டுல வச்சா எடை கச்சிதமா நிக்கும், ஓட்டினா அதிரும், ஏன்னு தெரியாம எஞ்சின் மவுண்ட் ரப்பரை மாத்திட்டிருப்பீங்க.

மரமும் அப்படித்தான். ஏற்காட்டு காபி தோட்டத்துல நிழலுக்கு நிக்கற சில்வர் ஓக், மிளகு கொடி ஏறி நிக்குமே, அது பேர்லதான் ஓக், மேஜை நாற்காலிக்கும் பிளைவுட்டுக்கும் நல்ல மரம். ப்ரொப்புக்கு போடறது பிர்ச், மேப்பிள், பீச், ஆஷ் மாதிரி ரேகை நேரா ஓடற, முடிச்சு இல்லாத மரம், அதையும் ஒத்தை கட்டையா போடறதில்ல, மெல்லிசா அறுத்து, ஈரம் அளந்து, அடுக்கடுக்கா ரெசார்சினாலோ எபாக்ஸியோ வச்சு அழுத்தி ஒட்டி, அப்புறம்தான் செதுக்கறாங்க. தேக்கு போடலாமான்னு அடுத்து கேப்பீங்க, அதுல எண்ணெய் பசை இருக்கறதால பசை சரியா பிடிக்காது. ஏன் இவ்வளவு கவனம்னா, உங்க எஞ்சின் 6500-ல ஓடறப்ப ப்ரொப் நிமிஷத்துக்கு 2519 சுத்து சுத்துது, ஒரு பிளேடு ஒரு கிலோ, அதோட எடை மையம் 32 சென்டிமீட்டர்ல இருக்குன்னு வச்சா அதை வெளிய பிடிச்சு இழுக்கற விசை ரெண்டேகால் டன். ஒரு ஸ்கார்ப்பியோவை அந்த பிளேடுல கட்டி தொங்க விட்ட கணக்கு. ஒரு பிளேடு போச்சுன்னா மிச்சம் இருக்கற பிளேடு எஞ்சினையே மவுண்டோட பிடுங்கிட்டு போயிடும், அது நடக்க ரெண்டு செகண்ட் போதும். ஆசாரிகிட்ட ஒரு நல்ல ப்ரொப் ஸ்டாண்டு செஞ்சு வாங்குங்க, பழைய ப்ரொப்பை சுவத்துல மாட்ட ஒரு பலகையும் செஞ்சு வாங்குங்க, அது அழகா இருக்கும்.

அப்ப எதை வாங்கறது? என் பதில் உங்களுக்கு சப்புனு இருக்கும்: இப்ப இருக்கற அதே 64-க்கு 32, ரெண்டு பிளேடு மரம், அதே கம்பெனி. தரையில அது 6100 காட்டிட்டிருந்துச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. 582-க்கு அதுதான் நான் பாக்கற நம்பர், தரையில 6000-லேருந்து 6200, ஏறறப்ப 6300, 6400, மட்டமா ஃபுல் த்ராட்டில்ல ஓடினா 6500-ஐ தொட்டு கொஞ்சம் தாண்டி, 6800-க்கு கீழ. நுனி வேகமும் கச்சிதம், 2519 சுத்துல செகண்டுக்கு 214 மீட்டர், 35 டிகிரி வெயில்ல சத்தத்தோட வேகம் 352, அதாவது அறுபது சதவீதம், அமைதியா ஓடும். இதே ப்ரொப்பை 2.0 ரேஷியோ கியர்பாக்ஸ்ல போட்டிருந்தா நுனி 277 மீட்டருக்கு போயிருக்கும், ஓமலூர் வரைக்கும் கேக்கற மாதிரி கத்தும், இழுவையும் குறையும்.

கொஞ்சம் கூடுதல் காசு இருக்குன்னா, அதிர்வு குறையணும்னா, லேசான மூணு பிளேடு கிரவுண்ட் அட்ஜஸ்டபிள் ப்ரொப் இருக்குது, பிளேடு உள்ள ஃபோம் வச்சு மேல கார்பன் போட்டது, அதுல தயாரிப்பாளரே இனர்ஷியா 3000-க்குள்ளன்னு எழுத்துல கொடுக்கறதை மட்டும் பாருங்க, வாட்ஸப்ல "ஓகே சார் ஃபிட் ஆகும்"னு வர்றது எழுத்து இல்ல. வாங்கறதுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு விஷயம் பாத்துடணும், உங்க வண்டி முன்னாடி இழுக்கற டிராக்டரா, பின்னாடி தள்ளற புஷ்ஷரா, ப்ரொப் எந்தப் பக்கம் சுத்தறதுக்கு செஞ்சது, இதுல ஒண்ணு மாறிப்போனாலும் பாதி விலையில வாங்கின ப்ரொப் முழு நஷ்டம். அப்புறம் தரையிலேருந்து நுனிக்கு எவ்வளவு இடைவெளி. சான்றிதழ் வாங்கின பெரிய விமானங்களுக்கே மூக்குச் சக்கரம்னா 7 இன்ச், வால் சக்கரம்னா 9 இன்ச் கேக்கறாங்க, நீங்க ஜல்லியும் செம்மண்ணுமா இருக்கற இடத்துல ஓட்டறீங்க, ஏற்கெனவே ஒரு கல்லு பாடம் எடுத்துடுச்சு, 68 போட்டா அந்த இடைவெளியில இன்னும் 2 இன்ச் போயிடும்.

(ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் வச்சிருக்கறவங்க இதை படிச்சுட்டு 6100-ஐ தேட வேண்டாம், அது வேற ஜாதி எஞ்சின். 100 குதிரை 912 யூஎல்எஸ்ல 5800 அஞ்சு நிமிஷத்துக்குத்தான், தொடர்ந்து ஓட்ட 5500, ஃபுல் த்ராட்டில்ல 5200-க்கு கீழ இழுக்கக்கூடாது. ஜாபிரு 2200 எஞ்சின்ல கியர்பாக்ஸே இல்ல, கிராங்க்லயே நேரா ப்ரொப், அதுக்கு சின்ன, லேசான மர ப்ரொப்தான்.)

இனி சேர்வராயன் மலை. இதுதான் உங்க உண்மையான கேள்வின்னு எனக்கு தெரியும், ப்ரொப்பெல்லாம் சாக்கு.

பிட்ச்ங்கறது கியர் மாதிரி. ஏற்காடு ரோட்டுல இருபது கொண்டை ஊசி வளைவையும் டாப் கியர்லயே ஏத்தறேன்னு எந்த பஸ் டிரைவரும் சொல்ல மாட்டாரு. பிட்ச் கூட்டினா மட்டமா போறப்ப எஞ்சின் மெதுவா சுத்தி வேகம் வரும், ஏர்றதுக்கு திணறும். குறைச்சா நல்லா ஏறும், ஆனா மட்டமா போறப்ப 6800 தாண்டிடாம த்ராட்டிலை பிடிச்சுட்டே இருக்கணும். 32 இன்ச் பிட்ச் 2519 சுத்துல கணக்குப்படி மணிக்கு 123 கிலோமீட்டர், நீங்க போறது 90, அதனால உங்க ப்ரொப் ஏற்கெனவே ஏர்ற பக்கம் சாஞ்சதுதான், இதுக்கு மேல குறைக்கறதுல லாபம் இல்ல.

பிரச்சினை ப்ரொப்புல இல்ல, காத்துல. சேலம் கிட்டத்தட்ட ஆயிரம் அடி உயரம். ஏப்ரல், மே-ல 38 டிகிரின்னா காத்து அடர்த்தி கணக்குக்கு நீங்க தரையில நிக்கறப்பவே 4000 அடியில நிக்கறீங்க. காத்து 11 சதவீதம் குறைவு. இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க: ஆர்பிஎம் காட்டற டாக்கோமீட்டர் இதை காட்டவே காட்டாது. காத்து மெலிஞ்சா எஞ்சின் பவர் குறையும், ஆனா அதே மெலிஞ்ச காத்தை ப்ரொப் சுத்தறதும் அந்த அளவுக்கு லேசாயிடுது, ரெண்டும் சேந்து குறையறதால ஆர்பிஎம் கிட்டத்தட்ட அதே 6100-லயே நிக்கும். மார்கழி காலையில 6100, சித்திரை மத்தியானம் 6100, "எஞ்சின் நல்லா இருக்குது"ன்னு கிளம்பிடுவாங்க. இழுவை பத்துல ஒரு பங்குக்கு மேல காணாம போயிருக்கும், ரன்வே அதே நீளம்தான் இருக்கும்.

மலைக்கு மேல போறப்ப இன்னும் மோசம். சேர்வராயன் கோயில் இருக்கற உச்சி 5300 அடி சொச்சம், அதுக்கு மேல பாதுகாப்பா ஒரு இடைவெளி விட்டு 6500 அடியில போறீங்கன்னு வச்சுக்கோங்க, கீழ 38 டிகிரி அடிக்கற நாள்ல அங்க காத்து அடர்த்தி 9000 அடிக்கு மேல இருக்கற மாதிரி, கால்வாசி காத்து இல்ல. 65 குதிரை கணக்குக்கு 49 ஆகும், அதுவும் கார்ப்ரேட்டர் ஜெட் அந்த உயரத்துக்கு சரியா இருந்தா. தரைக்கு செட் பண்ணின ஜெட்டோட போனா மேல பெட்ரோல் அதிகமாகி ரிச்சா ஓடும், பவர் இன்னும் விழும், இப்ப ஆர்பிஎம்மும் விழும், நீங்க ப்ரொப் சரியில்லன்னு நினைச்சுக்கிட்டு பிட்ச்சை மாத்துவீங்க.

அதனால மலைக்கு மேல போகணும்னா டிசம்பர், ஜனவரி காலையில ஏழு மணிக்கு கிளம்பற மாதிரி வச்சுக்கோங்க, ஒருத்தர் மட்டும் போங்க, ரெண்டு சீட்டும் நிரப்பிக்கிட்டு வேண்டாம், ஏர்ற உயரத்தை எல்லாம் சேலம் பக்கத்து சமவெளியிலயே வட்டம் போட்டு ஏறிட்டு அப்புறம் மலையை நோக்கி திரும்புங்க. மலையை பாத்துக்கிட்டே ஏறாதீங்க, காத்து மலையை தாண்டி கீழ இறங்கற பக்கத்துல மாட்டினா 49 குதிரை ஒண்ணும் பண்ணாது. மேல இறங்கவும் இடம் இல்ல, எங்க பாத்தாலும் காபியும் சில்வர் ஓக்கும் சரிவும்தான், எஞ்சின் நின்னா எப்பவும் சமவெளிக்கு சறுக்கி வர்ற தூரத்துலயே இருக்கணும். இதுக்கெல்லாம் முன்னாடி அந்த ஏரியா வான்வெளி அனுமதி, காமலாபுரம் ஏர்போர்ட்டோட பேச்சு எல்லாம் முடிச்சிருக்கணும்ங்கறது உங்களுக்கே தெரியும்.

இறங்கறப்ப த்ராட்டிலை மொத்தமா மூடிட்டு சறுக்கிட்டு வராதீங்க. மூடின த்ராட்டில்ல காத்து ப்ரொப்பை தள்ளி எஞ்சினை சுத்த வைக்கும், டூ ஸ்ட்ரோக்குக்கு எண்ணெய் போறதே பெட்ரோல் போறதை ஒட்டித்தான், வேகமா சுத்துது ஆனா குடிக்கறது கம்மி, அப்பத்தான் பிஸ்டன் பிடிக்கும். கொஞ்சம் த்ராட்டில் வச்சுக்கிட்டே படிப்படியா இறங்குங்க. ஈஜிடி மீட்டர், அதாவது எக்ஸாஸ்ட் வாயு சூடு காட்டற மீட்டர், இருக்குதானே? ப்ரொப் லேசா இருந்தா, அதாவது பிட்ச் கம்மின்னா, நடு த்ராட்டில்ல ஈஜிடி ஏறும், 650 டிகிரி தான் எல்லை, சுமை அதிகம்னா ஈஜிடி குறைஞ்சு தண்ணி சூடு ஏறும். ரெண்டு மீட்டரையும் சேத்துப் பாத்தாத்தான் ப்ரொப் என்ன சொல்லுதுன்னு புரியும்.

புது மர ப்ரொப் வந்ததும் மாட்டற முறை. போல்ட்டை குறுக்கு குறுக்கா, தயாரிப்பாளர் சொன்ன டார்க்குல, டார்க் ரென்ச் வச்சு மட்டும் இறுக்குங்க, மரத்தை நசுக்கிடாதீங்க. ஒரு மணி நேரம் ஓடினதும் திரும்ப பாருங்க, அப்புறம் ஒவ்வொரு சீசன் மாறறப்பவும், ஏன்னா நம்ம ஊர்ல கோடையில மரம் காஞ்சு சுருங்கும், போல்ட் தளரும், ஐப்பசி மழையில ஊதி நசுங்கும். தளந்த போல்ட்டோட ஓட்டினா ஹப் முகத்துல மரம் உரசி கருகின மாதிரி கறுப்பா ஒரு வட்டம் விழும், கழட்டறப்ப அதை பாத்தீங்கன்னா அந்த ப்ரொப் முடிஞ்சுது. டிராக் (ரெண்டு பிளேடு நுனியும் ஒரே தளத்துல சுத்துதாங்கறது) பாக்க வண்டியை அசையாம நிறுத்தி, பிளக் வயரை கழட்டிட்டு, நுனிக்கு பக்கத்துல ஒரு பலகையை நட்டு ஒரு பிளேடு நுனியை குறிச்சு அடுத்ததை சுத்தி கொண்டு வாங்க, வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். நிறுத்தி வைக்கறப்ப பிளேடு படுக்கை வாட்டத்துல நிக்கட்டும், செங்குத்தா நின்னா ஈரம் கீழ் பிளேடுக்கு இறங்கி பேலன்ஸ் போகும்.

ரன் அப் பண்றப்ப டாக்கோமீட்டரையும் சரி பாத்துடுங்க, பழைய வண்டி டாக்கோ பல சமயம் 200, 300 பொய் சொல்லும். ஆப்டிகல் டாக்கோ கடையில கிடைக்குது, அதை ப்ரொப்புக்கு பின்னாடி பாதுகாப்பான தூரத்துலேருந்து காட்டி, ரெண்டு பிளேடுன்னு செட் பண்ணி, வர்ற நம்பரை 2.58-ஆல பெருக்குங்க, 2364 காட்டினா எஞ்சின் 6100. ஷெட்டுக்குள்ள டியூப்லைட் வெளிச்சத்துல வேண்டாம், லைட் துடிக்கறதையே எண்ணிட்டு தப்பான நம்பர் கொடுக்கும், வெளிய வெயில்ல பாருங்க. வாலை தடிமனான கயித்துல கட்டி, சக்கரத்துக்கு கட்டை வச்சு, ஒருத்தர் சீட்ல, ப்ரொப் சுத்தற கோட்டுக்கு நேரா பக்கவாட்டுல யாரும் நிக்கக்கூடாது, வீடியோ எடுக்கறவரும் சேத்துத்தான் சொல்றேன்.

கடைசி கேள்வி, சில்லு போனதை பேஸ்ட் வச்சு அடைச்சு ஓட்டறது. வேண்டாம். நீங்க அனுப்பின போட்டோவுல பாத்தேன், சில்லு முன் விளிம்புல ஆரம்பிச்சு ரேகையோட உள்ள போகுது, வெளிய தெரியறது கால் இன்ச், உள்ள ஒட்டு விட்டிருக்கா இல்லையான்னு போட்டோவுல தெரியாது. விளிம்பு சின்னதா பிசிறியிருந்தா அதுக்கு தயாரிப்பாளரே எபாக்ஸி முறை சொல்லுவாங்க, நுனியில ரேகையோட போன வெடிப்புக்கு அந்த வேலை கிடையாது. அதை தயாரிப்பாளருக்கு அனுப்பி பாக்க சொல்லுங்க, அவங்க சரி பண்ணி பேலன்ஸ் பண்ணி எழுத்துல கொடுத்தா ஸ்பேரா வச்சுக்கலாம், இல்லன்னா சுவத்துக்கு. பெங்களூர் ப்ரொப்பை பெட்டியில போட்டு அவர்கிட்டயே திருப்பி கொடுத்துடுங்க, கொடுக்கறதுக்கு முன்னாடி அந்த மூணு கயிறு சோதனையை பண்ணி வந்த நம்பரை அவருக்கும் சொல்லுங்க, அவரு அடுத்து யாருக்கு விக்கப்போறாரோ. அந்த ப்ரொப்போட ஐடில்ல எவ்வளவு நேரம் ஓட்டினீங்கன்னு நீங்க எழுதல, அஞ்சு பத்து நிமிஷத்துக்கு மேலன்னா புது ப்ரொப் மாட்டறதுக்கு முன்னாடி கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கி மேக்னெட்டிக் பிளக்ல துகள் இருக்கான்னு பாத்து எனக்கு போட்டோ அனுப்புங்க.